முகாமுக்குச் செயின்சா எடுத்துப் போகிறீர்களா?

கோடை வந்தால் கலிபோர்னியாவில் நம்மவர்கள் வீட்டு கராஜில் கூடாரம், ஸ்லீப்பிங் பேக், பிரியாணி அண்டா எல்லாம் அலமாரியிலிருந்து இறங்கும். இப்போது அந்த வரிசையில் செயின்சாவும் சேர்ந்திருக்கிறது. கடையில் எளிதாகக் கிடைக்கிறது. ஓட்டத் தெரியுமா என்று யாரும் கேட்பதில்லை, உரிமமும் தேவையில்லை. வெள்ளிக்கிழமை மாலை வாங்கி, சனிக்கிழமை காலை எல்டோராடோ காட்டில் வைத்து முதல்முறையாகக் கயிற்றை இழுப்பவர்கள் இருக்கிறார்கள். இது அவர்களுக்காக எழுதுவது.

என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். முகாமில் செயின்சாவுக்கு ஒரே ஒரு வேலைதான் உண்டு. தரையில் விழுந்து, காய்ந்து, அசையாமல் கிடக்கும் கட்டையைத் துண்டு போடுவது. நிற்கிற மரம் பச்சையோ பட்டதோ, அதைச் சாய்ப்பது முகாமுக்குப் போனவரின் வேலை அல்ல. அமெரிக்க வனத்துறை தன் சொந்த ஊழியர்களையே சான்று இல்லாமல் செயின்சா பிடிக்க விடுவதில்லை. ஏ, பி, சி என்று படிகள் வைத்திருக்கிறார்கள். ஏ படியில் இருப்பவர் தேர்ந்தவர் ஒருவரின் கண்காணிப்பில்தான் அறுக்கலாம். கிடக்கும் மரத்தை அறுக்கத் தகுதி பெற்றவர், மரம் சாய்க்கத் தனியாகத் தேற வேண்டும். வார இறுதியில் பாதை செப்பனிட வரும் தன்னார்வலருக்கும் இதே விதிதான். யூடியூபில் பத்து நிமிட வீடியோ பார்த்துவிட்டு நாம் இதைத் தாண்டிப் போக முடியாது.

அதற்கும் முன்னால், அந்த மெஷின் உங்களுக்குத் தேவைதானா? குளிர்காயவும், குழந்தைகள் சோளக்கதிர் சுடவும், ஒரு சட்டிக் குழம்பு கொதிக்கவும் மணிக்கட்டுப் பருமனுள்ள விறகு போதும். அதைக் காலை வைத்து ஒடித்துவிடலாம். ஒடியாததை மடக்கு ரம்பம் ஒன்று சில நிமிடங்களில் அறுத்துவிடும். 'லீவ் நோ டிரேஸ்' அமைப்பு முகாம்வாசிகளுக்குச் சொல்வதும் இதுதான்: பட்டது, விழுந்தது, சிறியது, முகாமிலிருந்து தள்ளிக் கிடப்பது, இந்த நான்கும் பொருந்தினால் எடு. தொடைப் பருமன் கட்டையை நெருப்பில் போட்டால் அது விடியும்வரை கனன்றுகொண்டிருக்கும், படுக்கப் போகும்முன் அணைக்கக் குடம் குடமாகத் தண்ணீர் ஊற்ற வேண்டியிருக்கும். பெரிய கட்டைகளைக் காட்டிலேயே விட்டுவிடுவது காட்டுக்கும் நல்லது. பொந்து விழுந்த கட்டை, பாசி பிடித்த கட்டை, காளான் முளைத்த கட்டை எல்லாவற்றிலும் ஏற்கெனவே யாரோ குடியிருக்கிறார்கள்.

பின் எப்போதுதான் செயின்சா நியாயம்? வண்டி போகும் காட்டுப்பாதை ஓரத்தில், வசதிகள் இல்லாத இடத்தில், பெரிய கூட்டமாகப் பல நாள் தங்கும்போது. விறகு அனுமதிச் சீட்டு வாங்கி வீட்டுக்கு விறகு ஏற்றப் போகும்போது. திரும்பும் வழியில் மரம் விழுந்து பாதை அடைத்துக்கொண்டால். இந்த மூன்றைத் தவிர எனக்கு வேறு தோன்றவில்லை. மூன்றாவதில்கூட, அவசரம் இல்லாவிட்டால் முதலில் ரேஞ்சர் அலுவலகத்துக்குச் சொல்லிவிட்டுக் காத்திருப்பதுதான் சரி.

இனி, எங்கே அறுக்கலாம். காடு என்றால் எல்லாம் ஒரே காடு அல்ல. யோசெமிட்டி போன்ற தேசியப் பூங்காக்களில் அனுமதியின்றிச் செயின்சாவை ஓட்டுவது கூட்டாட்சி விதிப்படி குற்றம். மாநிலப் பூங்காக்களில் விழுந்த விறகைப் பொறுக்கவே கூடாது, முகாமில் விற்பதைத்தான் வாங்கி எரிக்க வேண்டும். தேசியக் காடுகள் என்ற பெயரில் இருக்கும் வனத்துறை நிலங்களில் பொதுவாகக் கீழே கிடக்கும் காய்ந்த விறகை முகாம் நெருப்புக்கு எடுக்க முடியும். அதிலும் 'வில்டர்னஸ்' என்று ஒதுக்கப்பட்ட பகுதிகளில் 1964-ஆம் ஆண்டுச் சட்டப்படி மோட்டார் கருவி எதுவும் கூடாது. அங்கே பாதையில் விழுந்த மரத்தை வனத்துறை ஆட்களே, நம் ஊர் மர அறுவை வாடிகளில் முன்பு இருவர் ஆளுக்கொரு முனை பிடித்து இழுத்தார்களே, அந்த மாதிரி நீள ரம்பத்தால்தான் அறுக்கிறார்கள். டாஹோ ஏரிக்கு அருகிலுள்ள டெஸலேஷன் வில்டர்னஸில் விறகு நெருப்பே மூட்டக் கூடாது, அங்கே ரம்பத்துக்கே வேலை இல்லை.

வசதி முகாம்களுக்கு வெளியே கூட்டாட்சி நிலத்தில் நெருப்பு மூட்ட, கலிபோர்னியாவில் 'கேம்ப்ஃபயர் பெர்மிட்' வேண்டும். இணையத்தில் இலவசமாகக் கிடைக்கும். நெருப்பைச் சுற்றி ஐந்து அடிக்குச் சருகு, புல் எல்லாம் சுரண்டி மண் தெரிய வைக்க வேண்டும், ஒரு மண்வெட்டி வேண்டும், பொறுப்பான ஒருவர் எந்நேரமும் பக்கத்தில் இருக்க வேண்டும். செயின்சாவுக்கும் இதேபோல ஒரு மாநிலச் சட்டம் உண்டு, பலருக்குத் தெரியாது. எரிப்பு அனுமதி தேவைப்படும் வறண்ட மாதங்களில், எளிதில் பற்றும் பொருளுக்கு 25 அடிக்குள் பெட்ரோல் ரம்பம் ஓட்டினால், 46 அங்குலத்துக்குக் குறையாத கூர்முனை மண்வெட்டியோ தீயணைப்பானோ கைக்கெட்டும் இடத்தில் இருந்தாக வேண்டும். மொன்டானா, ஐடஹோ பக்கம் போகிறவர்களுக்கு இன்னொன்று: அங்கே காடுகளில் இரண்டாம் நிலைத் தீக் கட்டுப்பாடு வந்துவிட்டால் பகல் ஒரு மணி முதல் இரவு ஒரு மணிவரை செயின்சா ஓட்டத் தடை. பெட்ரோல் மெஷினின் புகைபோக்கியில் தீப்பொறியைத் தடுக்கும் சிறு கம்பிவலை இருக்கும். கரி அடைத்தால் மெஷின் இழுக்காது, அதனால் சிலர் வலையைக் கழற்றி எறிந்துவிடுகிறார்கள். அப்படிச் செய்யாதீர்கள், பிரஷ்ஷால் தேய்த்துச் சுத்தம் செய்து திரும்ப மாட்டுங்கள். பேட்டரி மெஷினில் புகைபோக்கி இல்லை என்பது உண்மைதான். ஆனால் சங்கிலி கல்லில் பட்டால் அதிலும் பொறி பறக்கும்.

2013-இல் யோசெமிட்டி எல்லையில் ஸ்டானிஸ்லாஸ் காட்டில் வேட்டைக்குப் போன ஒருவர் மூட்டிய நெருப்பு கைமீறிப்போய் ரிம் தீயாக மாறியது. எரிந்தது 2,57,000 ஏக்கருக்கு மேல். ஆகவே புறப்படும் முன்தினம் அந்தக் காட்டின் ரேஞ்சர் அலுவலகத்துக்குப் போன் செய்து, நெருப்பு மூட்டலாமா, செயின்சா ஓட்டலாமா என்று இரண்டையும் தனித்தனியாகக் கேளுங்கள். ஒன்றுக்கு ஆம் என்றால் இன்னொன்றுக்கும் ஆம் என்று பொருளல்ல.

உடை விஷயத்தில் நம்மவர்கள் காட்டும் அலட்சியம் எனக்குக் கோபம் வரவழைக்கும். அரைக்கால் சட்டை, ரப்பர் செருப்பு, கூலிங் கிளாஸ், கழுத்தில் தொங்கும் ஹெட்போன் வயர் என்று போய் நிற்பார்கள். செயின்சாவால் அதிகம் காயம்படுவது காலும் இடது கையும். காலுக்கு 'சாப்ஸ்' என்ற முன்மறைப்பு இருக்கிறது, இடுப்பில் கட்டி, தொடையிலிருந்து கணுக்கால்வரை தொங்கவிடுவது. அதன் மேல்துணிக்கு அடியில் நீண்ட இழைகள் அடுக்கடுக்காக வைத்திருப்பார்கள். ஓடும் சங்கிலி பட்டதும் மேல்துணி கிழியும். உள்ளே இருக்கும் இழைகள் கொத்தாக வெளியே இழுபட்டு, சங்கிலியோடு ஓடிப்போய், அதைச் சுழற்றும் பல்சக்கரத்தில் சுற்றி அடைத்து மெஷினை நிறுத்திவிடும். கால் தப்பிக்கும், சாப்ஸ் போய்விடும். ஒருமுறை வெட்டு வாங்கியதைத் தைத்து மறுபடி போடக் கூடாது. இன்னொன்று: பேட்டரி மெஷின் குறைந்த வேகத்திலும் விடாமல் இழுக்கும் சக்தி உள்ளது, இழை அடைத்தாலும் சட்டென்று நிற்கும் என்று நம்ப முடியாது. பேட்டரி மெஷின் அதிகச் சத்தமும் போடாது, விளையாட்டுச் சாமான் மாதிரியும் தெரியும். அதனாலேயே அதில் கூடுதல் கவனம் வேண்டும்.

சாப்ஸோடு, முகவலையும் காது மூடியும் சேர்ந்த தலைக்கவசம், அதற்குள் கண்ணாடி, பிடிமானமுள்ள பூட்ஸ், கையுறை. பெட்ரோல் மெஷின் சத்தம் 110 டெசிபலைத் தொடும், காது மூடி இல்லாமல் ஓட்டுவது செவியைத் தேய்த்துக்கொள்வது. துப்பட்டா, மஃப்ளர், அவிழ்ந்த கூந்தல் எதுவும் பக்கத்தில் வரக் கூடாது.

மெஷினைப் பற்றி. விறகு வெட்ட 14 அல்லது 16 அங்குல பார் (சங்கிலி ஓடும் தகடு) போதும், நீளமானது வாங்கினால் கை சோர்வதுதான் மிச்சம். கலிபோர்னியாவில் 45 சிசிக்குக் கீழான சிறு எஞ்சின்கள் 2024 மாடலிலிருந்து புகையில்லாதவையாக இருக்க வேண்டும் என்று விதி வந்திருக்கிறது. ஏற்கெனவே வாங்கிய பெட்ரோல் மெஷினை ஓட்டத் தடையில்லை. ஆனால் புதிதாக வாங்குபவருக்கு நான் பேட்டரியையே சொல்வேன். முகாமில் ஒரு மணி நேர வேலைக்கு மேல் இருக்காது, பெட்ரோல் கேனைக் காரில் குழந்தைகளோடு ஏற்றிப் போகும் தொல்லையும் இல்லை. ஒன்று மட்டும் மறக்கக் கூடாது: சங்கிலியைத் தொடும் முன் பேட்டரியைக் கழற்றி வையுங்கள்.

பெட்ரோல் மெஷின் வைத்திருப்பவர், சூடாக இருக்கும்போது டேங்க் மூடியைத் திறக்காதீர்கள். உள்ளே ஆவி அழுத்தம் சேர்ந்து, திறந்த நொடி பெட்ரோல் பீய்ச்சி முகத்திலும் மார்பிலும் அடித்து, தீக்காயம்பட்டவர்கள் வனத்துறை ஊழியர்களிலேயே உண்டு. ஆறவிட்டு, மூடியை மெல்லத் தளர்த்தி, ஊற்றி முடித்து, அந்த இடத்திலிருந்து பத்தடியாவது தள்ளி வந்து ஸ்டார்ட் செய்யுங்கள். அடுப்புப் பக்கமே வேண்டாம்.

ஸ்டார்ட் செய்வதற்கும் முறை இருக்கிறது. சினிமாவில் வருவதுபோல ஒரு கையில் தொங்கவிட்டு மறு கையால் கயிற்றை இழுப்பது படுமோசம். மெஷினைத் தரையில் வையுங்கள். செயின் பிரேக்கைப் போடுங்கள். பின்கைப்பிடிக்குள் வலது பூட்ஸ் நுனியை நுழைத்து மிதித்து, இடது கையால் முன்கைப்பிடியை அழுத்திப் பிடித்து, வலது கையால் இழுங்கள். ஓடத் தொடங்கியதும் பிரேக்கை எடுத்துவிட்டுப் பாருங்கள்: விசையை அழுத்தாமலே சங்கிலி நகர்கிறதென்றால் அந்த மெஷினை அன்று ஓட்டக் கூடாது. விசையை அழுத்தி, முன்கைப்பிடிக்கு முன்னாலுள்ள காப்பை மணிக்கட்டால் தள்ளினால் சங்கிலி டக்கென்று நிற்க வேண்டும். சங்கிலி கூராக இருந்தால் சீவல் சீவலாகத் தள்ளும், மழுங்கினால் மாவாகக் கொட்டும். மாவு கொட்ட ஆரம்பித்ததும் நம் ஆள் இன்னும் பலமாக அழுத்துவார். அங்கேதான் விபத்து ஆரம்பம். நிறுத்தி, அரம் போடுங்கள், அல்லது மாற்றுச் சங்கிலி மாட்டுங்கள்.

கிக்பேக் என்பதை எல்லோரும் கேள்விப்பட்டிருப்பீர்கள். பாரின் மூக்கு நுனியில், மேல் கால்வாசிப் பகுதி எதிலாவது முட்டினால், ஓடும் சங்கிலி அதைக் கடித்துப் பிடிக்க, பார் முழுவதும் மேலே எகிறி, ஓட்டுபவரின் முகத்தையும் கழுத்தையும் நோக்கி வரும். சங்கிலி நொடிக்கு 20 மீட்டர் வேகத்தில் ஓடுகிறது, இது நடப்பதை உங்கள் கண் பார்ப்பதற்குள் முடிந்துவிடும். எதிரே இருக்கும் கட்டையைவிட, அதற்குப் பின்னால் கண்ணுக்குத் தெரியாமல் ஒளிந்திருக்கும் இன்னொரு கிளையில் மூக்கு முட்டுவதால்தான் பெரும்பாலும் இது நேர்கிறது. ஆகவே அறுக்கும் முன் கட்டையின் மறுபக்கம் போய்ப் பாருங்கள், சுள்ளிகளை விலக்குங்கள். இரு கையாலும் பிடியுங்கள். இடது கைக் கட்டைவிரல் முன்கைப்பிடியை அடியில் சுற்றிப் பிடித்திருக்க வேண்டும், மேலே மற்ற விரல்களோடு சும்மா கிடக்கக் கூடாது. இடக்கைப் பழக்கம் உள்ளவரும் இதே மாதிரிதான் பிடிக்க வேண்டும், மெஷின் அப்படித்தான் செய்யப்பட்டிருக்கிறது. பாரின் நேர்க்கோட்டில் உங்கள் தலை இல்லாதபடி சற்று இடப்பக்கமாக நில்லுங்கள். தோளுக்கு மேல் தூக்கி அறுக்காதீர்கள்.

இனி, கட்டை. ஆப்பசைத்த குரங்கின் கதை நமக்குத் தெரியும். பாதி பிளந்த மரத்தில் உட்கார்ந்துகொண்டு ஆப்பைப் பிடுங்கியதும் பிளவு மூடி வால் மாட்டிக்கொண்டது. முகாமில் விறகு அறுப்பவரின் பார் மாட்டிக்கொள்வதும் அதே காரணத்தால்தான். மரம் வெட்டப்பட்டாலும் அதற்குள் பாரம் இருக்கிறது. இரு முனையும் கல்லிலோ மேட்டிலோ தாங்க, நடுவில் அந்தரமாக இருக்கும் கட்டையில் மேல்பக்கம் அமுங்கியும் அடிப்பக்கம் இழுபட்டும் இருக்கும். மேலிருந்தே நேராக அறுத்துக்கொண்டு போனால் வெட்டு மூடி பாரைக் கவ்விவிடும். அங்கே மேலிருந்து மூன்றில் ஒரு பங்கு அறுத்துவிட்டு, மீதியைக் கீழிருந்து மேல்நோக்கி முடிக்க வேண்டும். ஒரு முனை மட்டும் தாங்கி, மறுமுனை தொங்கும் கட்டையில் இது தலைகீழ். முதலில் கீழிருந்து மூன்றில் ஒரு பங்கு, பிறகு மேலிருந்து. எந்தப் பக்கம் அமுங்கியிருக்கிறதோ அங்கே தொடங்கி, இழுபட்ட பக்கத்தில் முடிப்பதுதான் கணக்கு. கீழிருந்து அறுக்கும்போது சங்கிலி மெஷினை உங்கள் பக்கமாகத் தள்ளும், உடம்பைத் திடமாக வைத்துக்கொள்ளுங்கள். சிறு பிளாஸ்டிக் ஆப்பு ஒன்று பையில் இருந்தால் வெட்டு மூடாமல் செருகிவைக்கலாம். இரும்பு ஆப்பு வேண்டாம், சங்கிலி பட்டால் தெறிக்கும்.

தரையோடு ஒட்டிக் கிடக்கும் கட்டையை முழுக்க அறுத்தால் சங்கிலி மண்ணில் இறங்கி ஒரே நொடியில் மழுங்கும். முக்கால்வாசி அறுத்து, மெஷினை நிறுத்தி, கட்டையைப் புரட்டிப் போட்டு மீதியை அறுங்கள். சரிவில் எப்போதும் மேட்டுப் பக்கம் நில்லுங்கள், அறுபட்ட துண்டு கீழ்ப்பக்கம் உருளும். வேரோடு பெயர்ந்து விழுந்த மரத்தை விட்டுவிடுங்கள். தண்டை அறுத்ததும் வேர்த்திரள் பழைய குழிக்குள் திரும்பச் சாயும், அதன் பின்னால் ஆள் நின்றால் நசுங்குவார். வளைந்து அமுங்கிக் கிடக்கும் இளமரத்தையும் தொடாதீர்கள், அறுத்த கணம் சவுக்காக வீசும்.

அறுக்கும் இடத்தைக் கூடாரங்களிலிருந்து தள்ளி வைத்துக்கொள்ளுங்கள். முப்பது அடிக்குள் யாரும் வரக் கூடாது, குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளவே ஒருவரை நிறுத்துங்கள். "அண்ணே, நான் ஒரு தடவை" என்று கேட்கும் தம்பிகளுக்கு மெஷினைக் கொடுக்காதீர்கள். பீர் திறந்த கை அன்றைக்குச் செயின்சாவைத் தொட வேண்டாம். தனியாக இருக்கும்போதும், இருட்டிய பிறகும் வேண்டவே வேண்டாம். வனத்துறை முகாம்களில் பொதுவாக இரவு 10 முதல் காலை 6 வரை அமைதி நேரம், ஆனால் விதி அனுமதிக்கிறது என்பதற்காகக் காலை 6:05-க்கு ஆரம்பிப்பவரை எந்தப் பக்கத்துக் கூடாரமும் மன்னிக்காது. காலை பத்து மணிவாக்கில் தொடங்கி, அரை மணி நேரத்தில் முடித்துவிடுங்கள். முடித்தபின் அந்த இடத்தில் புகை ஏதும் எழுகிறதா என்று இன்னொரு அரை மணி கண் வைத்திருங்கள்.

மரம் வெட்டாதவருக்கும் ஒரு எச்சரிக்கை. 2010-இலிருந்து 2017-க்குள் வறட்சியாலும் பட்டை வண்டுகளாலும் கலிபோர்னியாவில் 12.9 கோடி மரங்கள் பட்டுப்போனதாக வனத்துறை கணக்கிட்டது. அவற்றில் பல நின்றவாக்கில் இருக்கின்றன. பச்சை மரமும் நம்பத்தக்கதல்ல. 2015 ஆகஸ்டில் யோசெமிட்டியின் அப்பர் பைன்ஸ் முகாமில் ஓக் மரக்கிளை முறிந்து கூடாரத்தின்மேல் விழுந்து, தூங்கிக்கொண்டிருந்த சிறார் இருவர் இறந்தார்கள். கூடாரம் அடிக்கும் முன் அண்ணாந்து பாருங்கள்.

வெட்டு பட்டுவிட்டால் என்ன செய்வது என்பதைப் போகும் முன்பே முடிவு செய்திருக்க வேண்டும். பேண்ட்-எய்டும் டெட்டாலும் போதாது. ரத்தம் நிற்க முறுக்கிக் கட்டும் நல்ல டூர்னிகே ஒன்றும், அழுத்திக் கட்டும் பட்டையும், அறுப்பவரின் இடுப்புப் பையில் இருக்கட்டும், கார் டிக்கியில் அல்ல. ரத்தம் பீய்ச்சினால் காயத்துக்கு மேலே கையிலோ காலிலோ டூர்னிகேயை ரத்தம் நிற்கும்வரை முறுக்கி, கட்டிய நேரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள், அவிழ்க்காதீர்கள். பல மருத்துவமனைகளில் 'ஸ்டாப் த ப்ளீட்' வகுப்பு நடக்கிறது, ஒரு மாலை நேரம்தான் ஆகும், உங்களோடு வருபவரும் கற்றுக்கொள்ள வேண்டும், ஏனென்றால் கட்டப்போவது அவர்தான். காட்டில் சிக்னல் கிடைக்காது. செயற்கைக்கோள் வழி அவசரச் செய்தி அனுப்பும் போனோ கருவியோ இருந்தால் அதை வீட்டிலேயே சோதித்துப் பழகிக்கொள்ளுங்கள்.

அனுமதிச் சீட்டு வாங்கி ஏற்றுவதைத் தவிர, முகாமில் மிஞ்சிய விறகை வீட்டுக்கு ஏற்றி வராதீர்கள், வீட்டு விறகைக் காட்டுக்குக் கொண்டுபோகவும் வேண்டாம். சான் டியாகோ பகுதியில் பல்லாயிரம் ஓக் மரங்களைக் கொன்ற தங்கப்புள்ளி ஓக் துளைப்பான் என்ற வண்டு விறகோடு வந்திறங்கியது என்றுதான் நம்பப்படுகிறது. எரிக்கும் இடத்திலேயே வாங்குங்கள், அல்லது பொறுக்குங்கள்.

கடைசியாக, இரவல். நம் வட்டத்தில் ஒருவர் செயின்சா வாங்கினால் அது ஆறு வீட்டுச் சொத்து. ஏணி, டிரில் கொடுப்பதுபோல இதைக் கொடுத்துவிடாதீர்கள். கேட்பவர் எவ்வளவு நெருக்கமானவராக இருந்தாலும், மெஷினையும் சாப்ஸையும் காரில் போட்டுக்கொண்டு நீங்களே போய் அறுத்துக் கொடுங்கள். போக நேரமில்லை என்றால், உங்கள் மடக்கு ரம்பத்தைக் கொடுத்தனுப்புங்கள்.